பேர் போடாத கேள்வி

எங்கள் ஊரில் நூலகம் திறக்கும் நேரமும் பால் ஊற்றும் நேரமும் ஒன்றுதான். காலையில் பால் வண்டி வருவதற்கு முன்னால் திறப்பார்கள், வண்டி போனதும் சாத்துவார்கள். சாயங்காலமும் அப்படியே. விழுப்புரத்திலிருந்து கெடாருக்குப் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பால் சொசைட்டிக் கட்டிடத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. தீவன மூட்டையும் எலியும் குடியிருந்த அறை. ஊரில் வேலைக்குப் போகிற பிள்ளைகளும் மகளிர் குழுப் பெண்களும் சேர்ந்து அதற்கு வெள்ளையடித்து, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெரிந்தவர்கள் வீடுகளில் புத்தகம் கேட்டு வாங்கி வந்து அடுக்கினார்கள். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "இருக்கற வேலைக்கு இது ஒண்ணுதான் கொறச்ச" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். அப்போது நான் முழுகாமல் இருந்தேன்.

நான் பன்னிரண்டாவது பாஸ் பண்ணினவள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் 'படிச்சவ' என்று சொன்னால் அது பாராட்டு இல்லை. குழம்பில் உப்பு கூடிப்போனால், மாடு கயிறு அறுத்துக்கொண்டு போனால், அப்போது சொல்கிற வார்த்தை அது. அதிகமாகச் சொன்னவர் என் அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா. என் கணவருக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்காதான் தூக்கி வளர்த்து ஆளாக்கியவர். பக்கத்துச் சுவர் அவர் வீடு, மாடு இரண்டு வீட்டுக்கும் பொது. என் கணவர் சென்டரிங் வேலைக்குப் பாண்டிச்சேரி, சென்னை என்று போய்விட்டு வாரக் கடைசியில் வருவார். அதனால் வீட்டில் எந்த விஷயத்துக்கும் கடைசி வார்த்தை அண்ணியுடையது. எனக்கு வாய் நீளம், அவருக்கு அதைவிட நீளம். ஆனாலும் நாங்கள் ஒரே அடுப்பில் சமைத்துத்தான் சாப்பிட்டோம்.

திண்டிவனத்தில் என் அம்மா வீட்டில் இருந்தபோது, அங்கே அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் நடந்தது. பெண் குழந்தை. நர்ஸம்மா தூக்கிக் காட்டியபோது முதலில் முகத்தைத்தான் பார்த்தேன். பிறகுதான் கால். இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. கும்பிடுகிற கை மாதிரி இருந்தது. தப்பாகத் துணி சுற்றியதால் அப்படி இருக்கிறதோ என்று நினைத்து நான் பிரித்துப் பார்த்தேன். துணியில் ஒன்றும் இல்லை.

"பயப்படாதம்மா. எலும்பு டாக்டர்கிட்ட காட்டு. கட்டு போட்டு சரி பண்ணிடுவாங்க" என்று டாக்டரம்மா சொன்னார். அவர் சரியாகத்தான் சொன்னார். அது எங்கள் வீட்டு ஆட்கள் காதுக்கு வந்து சேர்ந்தபோதுதான் வேறாகிவிட்டது.

பிள்ளையைப் பார்க்கத் திண்டிவனம் வந்த அண்ணி அதைக் கேட்டுவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டார். "ஒடிஞ்ச காலுக்குத்தான கட்டு? இது ஒடியலியே. அப்போ இன்னா அர்த்தம்? அவங்களே ஒடச்சி, அப்பறம் கட்டு போடுவாங்க. பச்ச மண்ணும்மா இது. உயிர் தாங்குமா?" என்றார்.

கேட்டவர்கள் யாருக்கும் அதில் ஓட்டை தெரியவில்லை. எங்கள் பக்கம் கட்டு என்றாலே ஒடிந்த எலும்புக்குத்தான். சாரத்திலிருந்து விழுந்தவன், வண்டியில் அடிபட்டவன், இவர்களுக்குத்தான் கட்டு. ஒடியாத காலுக்கு யாரும் கட்டுப் போட்டு நாங்கள் பார்த்ததில்லை. என் அம்மாவும் தலையாட்டினார். அந்தச் சின்னக் காலை யாரோ மடக்கி ஒடிப்பதாக நினைத்து நானும் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டேன். எலும்பு டாக்டரிடம் நாங்கள் போகவில்லை.

அதற்குப் பதிலாக, ஊருக்கு வந்ததும் அண்ணி விளக்கெண்ணெய் காய்ச்சி இரண்டு வேளையும் காலை நீவினார். பாப்பா வீல் என்று கத்தும். அண்ணி நீவிக்கொண்டே அழுவார். அவர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனால் அழுதுகொண்டே ஒரு வார்த்தையும் சொல்வார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் மாசமாக இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. அன்றைக்கு மறந்துபோய்க் குழம்புக்கு முருங்கைக்காய் நறுக்கிவிட்டேன். "அன்னைக்கே சொன்னேன், கத்தியத் தொடாதன்னு. படிச்சவ, கேப்பாளா?" என்பார். தினம் எண்ணெய் எடுக்கும்போது தினம் அந்த முருங்கைக்காய் வரும்.

நான் பதிலுக்கு எகிறுவேன். "கிரகணமாவது மண்ணாவது" என்பேன். ஆனால் தனியாகப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் அந்த முருங்கைக்காய் ஞாபகம் வரும். என் கையால்தான் என் பிள்ளைக்கு இப்படி ஆனதோ என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். வாயால் இல்லை என்று சொல்வது சுலபம், இல்லை என்று எனக்குத் தெரியாதே.

கையில் போன் இல்லையா என்று இந்தக் காலத்தில் எல்லோரும் கேட்பார்கள். இருந்தது. என் கணவர் வாங்கிக் கொடுத்த டச் போன். அதில் தேடவும் செய்தேன். 'குழந்தை கால் கோணல்' என்று போட்டால் ஒருவர் ராசி பலன் சொன்னார், ஒருவர் மூலிகைத் தைலம் விற்றார். இன்னொருவர் கிரகண தோஷத்துக்குப் பரிகாரம் சொல்லி மிச்சமிருந்த உயிரையும் எடுத்தார். பேர் தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? என் பிள்ளையின் காலுக்கு ஒரு பேர் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தபோது சித்திரை வெயில். அந்த வெயிலிலும் பிள்ளைக்குக் காலில் சாக்ஸ் மாட்டி, அதற்கு மேல் துணி சுற்றி வைத்திருந்தோம். சோப்பும் பவுடரும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்கள் கேட்டால், "காத்து ஆவாதுன்னு டாக்டர் சொன்னாங்க" என்று அண்ணி சொல்லிவிடுவார். காற்றே இல்லாத மாதத்தில் எந்தக் காற்று என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஒருநாள் அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே பால் கொண்டுபோனேன். வரிசையில் நிற்கும்போது பக்கத்து அறையிலிருந்து யாரோ சத்தமாகப் படிக்கும் குரல் கேட்டது. பேப்பரில் மழைச் செய்தி. படித்துக்கொண்டிருந்தவர் திண்டிவனத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவர். டிகிரி முடித்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருந்தவரை நூலகத்துக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். ஊருக்கே அவர் லைப்ரரி அக்கா.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன கேட்டாலும் வாயால் பதில் சொல்ல மாட்டார். தெரிந்திருந்தாலும் சொல்ல மாட்டார். அலமாரியில் தேடி, புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, சத்தம் போட்டுப் படிப்பார். படித்து முடித்ததும் கேட்டவரின் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் வைப்பார். "நான் சொன்னா மறந்து பூடுவீங்க, இல்லன்னா வூட்டுக்குப் போறதுக்குள்ள மாத்திக்குவீங்க. இது இங்கயேதான் இருக்கும், சந்தேகம் வந்தா வந்து தொட்டுப் பாத்துக்குங்க" என்பார். எங்கள் ஊர்க் கிழவர்கள் சிலர், தங்கள் பென்ஷன் பற்றிய வரியைத் தினம் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

புத்தகத்தில் பதில் கிடைக்காவிட்டால் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும், அதில் சாக்பீஸால் கேள்வியை எழுதுவார். கேட்டவர் பேர் போட மாட்டார். பதில் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இலையில் புள்ளி விழுந்தால் எந்த மருந்து, செத்துப்போனவர் பேரில் உள்ள பட்டாவை எப்படி மாற்றுவது என்றெல்லாம் இருக்கும். 'செல்போன் டவர் வைத்தால் மாடு பால் குறைக்குமா' என்று ஒரு கேள்வி ரொம்ப நாள் இருந்தது. பேர் போடவில்லை என்றாலும் இன்ன கேள்வி இன்னாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் பால் வரிசையில் நிற்பவர்களுக்குப் பொழுதுபோக்கு. டவர் கேள்வி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். பாலில் தண்ணீர் கலந்துவிட்டு டவர்மேல் பழி போடுகிறவர் ஊரில் ஒருவர்தான்.

அன்றைக்குப் பால் ஊற்றிவிட்டு எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். பிறகு உள்ளே போய், "என் சொந்தக்காரங்க கொழந்தைக்கு" என்று ஆரம்பித்தேன். அக்கா என்னைப் பார்த்தார், பாப்பாவின் சாக்ஸைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் ஒரு தடித்த மருத்துவக் கையேட்டை எடுத்து வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு படத்தில் நிறுத்தினார். என் பிள்ளையின் கால் அந்தப் பக்கத்தில் இருந்தது. அதே மடக்கு, அதே கும்பிடு.

அந்தப் படத்தைப் பார்த்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். பார்த்தேயிராத யாரோ ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, என் பிள்ளையின் காலை வரைந்து வைத்திருக்கிறார் என்றால், இந்த மாதிரிப் பிள்ளைகள் வேறு எங்கேயும் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். வளைந்த பாதம் என்று அதற்குப் பேர் போட்டிருந்தது. அக்கா படித்தார். பிறந்த சில வாரங்களுக்குள் ஆரம்பித்தால் நல்லது. எலும்பை உடைப்பதில்லை. காலை மெதுவாகத் திருப்பிப் பிடித்து மாவுக்கட்டு போடுவார்கள், வாராவாரம் அதைப் பிரித்து இன்னும் கொஞ்சம் திருப்பிப் போடுவார்கள். தள்ளிப்போட்டால் நாள் போகப் போகக் கால் இறுகும். பிறகு ஒரு வரி படித்தார். இது தாய் செய்த எந்தக் காரியத்தாலும் வருவதில்லை.

வழக்கப்படி என் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தார். நான் அழுதுவிட்டேன். சத்தமாக, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அண்ணியிடம் படத்தைக் காட்டினேன், படித்துக் காட்டினேன். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூடிக் கையில் கொடுத்தார். "புஸ்தகத்துல ஆயிரம் எழுதுவாங்க. படம் நடக்குமா? இந்த மாதிரி இருந்து, கட்டு போட்டு, நடந்துக்கினு இருக்கற ஒரு ஆளக் காட்டு. நானே தூக்கிக்கினு வர்றேன்." போனில் என் கணவரிடம் சொன்னேன். "எங்க அக்கா சொல்றதக் கேளேன், அவசரப்படாத" என்றார். கால் இறுகும் என்று புத்தகம் சொல்கிறது, இவர் அவசரப்படாதே என்கிறார். போனைக் கட்டிலில் வீசினேன். தனியாகப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாராவாரம் போக வேண்டிய வைத்தியத்தை வீட்டுக்குத் தெரியாமல் எப்படிச் செய்வது?

மறுநாள் காலையில் பால் வரிசைக்கு முன்னாலேயே போய் நின்றேன். "போர்டுல எழுதுங்கக்கா" என்றேன். அக்கா தயங்கினார். "ஊர்ல இப்போ கைக்கொழந்தை உன்னுது ஒண்ணுதான். பேர் போடலன்னாலும் தெரிஞ்சிபூடும். நல்லா யோசிச்சிக்க." யோசித்தால் பயம்தான் வரும் என்று எனக்குத் தெரியும். "எழுதுங்க" என்றேன். அவர் எழுதினார். 'பிறக்கும்போது பாதம் உள்பக்கம் வளைந்திருந்து, வைத்தியம் பார்த்துச் சரியானவர்கள் யாராவது உண்டா?'

அன்று வரிசையில் அந்தப் பேச்சுதான். யார் வீட்டுப் பிள்ளை, வெளியூரா உள்ளூரா என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவள் என் இடுப்பிலிருந்த பாப்பாவைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இந்த வெயில்ல உம் புள்ளைக்கு எதுக்கு எப்பப் பாரு சாக்ஸு?" என்று கேட்டாள். நல்ல விதமாகத்தான் கேட்டிருப்பாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. சாக்ஸை உருவித் தூக்கிப் போட்டேன். "ஆமா, எம் புள்ளைக்குத்தான். நல்லா பாத்துக்குங்க. இப்போ இன்னா?" என்றேன். பால் அளக்கிறவர்கூட அளப்பதை நிறுத்திவிட்டார். பாப்பா மட்டும் காலில் காற்றுப் பட்ட சந்தோஷத்தில் உதைத்துக்கொண்டது.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. "ஊர் பூரா தமுக்கு அடிச்சிட்டு வந்துட்டியா? பொட்டப் புள்ளடி அது" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஒரே அடுப்புதான், ஆனால் உப்பு கேட்பதாக இருந்தாலும் மாட்டைப் பார்த்துத்தான் கேட்பார். கரும்பலகையில் கேள்வி அப்படியே இருந்தது. ஒவ்வொரு நாளும் பால் ஊற்றும்போது அதன்கீழே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். டவர் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, என்னுடையதற்கு வரவில்லை.

ஒரு சாயங்காலம், இடுப்பு வலி தேறி அண்ணியே பால் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் நானும் பாப்பாவும். லைப்ரரி அக்கா வெளியே வந்து, "ரெண்டு பேரும் ஜல்தி உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். உள்ளே பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்கூல் யூனிபார்மில் ஒரு பெண் பிள்ளை. எங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிலம் நீச்சு உள்ள வீடு. அவர்கள் வீட்டுப் பால் ஆள் மூலமாக வரும், அவர் வந்ததில்லை. சொசைட்டிக் கேனில் இரண்டு பக்கத்துப் பாலும் கலக்கும். நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்ததில்லை. அண்ணி அவருடைய நிலத்தில்தான் களை எடுக்கப் போவார். உட்காரச் சொல்லியும் அண்ணி உட்காரவில்லை.

அந்த அம்மா மகளிடம், "செருப்பக் கழட்டு" என்றார். அந்தப் பெண் கழற்றிவிட்டுக் காலைப் பெஞ்சின்மேல் நீட்டியது. "இதுங்க ரெண்டும் பொறந்தப்போ உங்க புள்ள கால் மாதிரிதான் இருந்துச்சுங்க" என்றார் அண்ணியைப் பார்த்து. எங்கள் தெருப் பெண் ஒருவரை அவர் 'ங்க' போட்டுப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

அண்ணி நம்பவில்லை. அந்தப் பெண்ணை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்கூலில் கபடி ஆடுகிற பெண், சுதந்திர தினத்துக்கு ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிற பெண். அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தொடலாமா என்று கேட்பதுபோல் அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே சின்னதாக ஒரு தழும்பு இருந்தது.

"ஒடச்சாங்களாம்மா?"

"ஒடைக்கலங்க. பாண்டிச்சேரில எங்க அம்மா வூட்ல இருந்துக்கினு பாத்தோம். வாரா வாரம் மாவுக்கட்டு. கடசியா குதிகால் நரம்ப லேசா கீறி உட்டாங்க, அதான் அந்தத் தழும்பு. எல்லாம் முடிஞ்சப்பறம்தான் ஊருக்குத் தூக்கிக்கினு வந்தேன்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" இதைக் கேட்டது நான். அந்த அம்மா தரையைப் பார்த்தார். "பொண்ணு கால் கோணல்னு பேர் வந்துட்டா நாளைக்கி எவன் கட்டுவான்னு எங்க மாமனார் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. அவருக்கு நான் இங்க வந்தது இன்னும் தெரியாது. நீ வரிசைல நின்னு எம் புள்ளைக்குத்தான்னு சொன்னியாமே. கேட்டதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல."

அண்ணி இன்னும் அந்தப் பாதத்தை விடவில்லை. தயங்கித் தயங்கி, "கிரகணத்துல எதனா…" என்று இழுத்தார். அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரித்தாலும் கண்ணில் தண்ணீர் இருந்தது. "எனக்கும் வயித்துல இருக்கும்போது கிரகணம் வந்துச்சுங்க. கதவ சாத்திக்கினு, தண்ணிகூட குடிக்காம, தர்ப்பப் புல்லுமேல படுத்துக் கெடந்தேன். அப்பவும் இப்படித்தான் பொறந்துச்சு."

அண்ணி அந்தப் பெண்ணின் காலை மெல்ல இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். என் கையிலிருந்த பாப்பாவை வாங்கிக்கொண்டார். "எப்போ போவணும்?" என்று கேட்டார். பேச்சு நின்றுபோன பிறகு என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். முருங்கைக்காயை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. ஒரு புத்தகமும் என் வாயும் செய்ய முடியாததை அந்த இரண்டு பாதங்களும் ஒரு கிரகணமும் செய்தன.

விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இந்தக் கால்களுக்கென்றே வாரத்தில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். லைப்ரரி அக்கா அதை விசாரித்து வைத்திருந்தார். அண்ணிதான் பஸ்ஸில் ஏறிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். அங்கே ஹாலில் நுழைந்ததும் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். பெஞ்சு பெஞ்சாகத் தாய்மார்கள், மடியில் பிள்ளைகள், பிள்ளைகளின் காலில் வெள்ளை வெள்ளையாய்க் கட்டுகள். வல்லத்திலிருந்து வந்தவர்கள், திருவாமாத்தூர் பக்கத்துக்காரர்கள், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். "அடியாத்தே, இத்தனை பேரா! இதுங்கள்லாம் எங்கடி இருந்துச்சு இத்தினி நாளும்?" என்றார் அண்ணி. சாக்ஸுக்குள்ளே இருந்தார்கள் என்று சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

முதல் கட்டு போடும்போது அண்ணி டாக்டரின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 'கிளிக்' என்று சத்தம் கேட்டால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது என்று தயாராக நின்றிருந்தார். பாப்பா பால் குடித்துக்கொண்டே கட்டு போட்டுக்கொண்டது. வாராவாரம் கட்டைப் பிரிக்கும்போது கால் கொஞ்சம் திரும்பியிருக்கும். அண்ணி ஊருக்கு வந்து அதைப் பால் வரிசையில் கையால் நடித்துக் காட்டுவார். முதலில் இப்படி இருந்தது, இப்போது இப்படி. வீட்டுக்குள் மறைத்த காலை இப்போது ஊரே கூடி வளர்த்தது.

கட்டெல்லாம் முடிந்து கால் நேராக வந்ததும் நடுவில் கம்பி வைத்த ஒரு ஜோடி ஷூ கொடுத்தார்கள். முதலில் நாள் முழுக்க, பிறகு தூங்கும்போதெல்லாம், பிள்ளைக்கு நாலு வயசாகும்வரை. போட்டால் பாப்பா அழும். பேஜாராகப் போய்விட்டது. கால்தான் சரியாகிவிட்டதே, எதற்குப் பிள்ளையைப் படுத்துவது என்று என் கணவரே கழற்றப் போனார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மா முன்னாடியே நூலகத்தில் வைத்து எங்களுக்குச் சொல்லியிருந்தார். "நேராயிடுச்சேன்னு மட்டும் உட்டுடாதீங்க. அங்கதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க, மறுபடி திரும்பிக்கும்." அண்ணி தம்பியின் கையைத் தட்டிவிட்டார். "உனக்கு இன்னாடா தெரியும்? போய் லைப்ரரில வெரல வெச்சிப் பாத்துட்டு வா" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

தகவல் வறுமை என்ற வார்த்தையைப் பின்னால் அதே அறையில் ஒரு பேப்பரில் படித்தேன். நல்ல வார்த்தைதான். ஆனால் எங்களிடம் தகவல் இல்லாமல் இல்லை. டாக்டரம்மா சொன்ன தகவல் இருந்தது, போனில் மூட்டை மூட்டையாகத் தகவல் இருந்தது. எங்களுக்கு வேண்டிய ஒரு தகவல் ரோட்டைத் தாண்டினால் இருந்தது, தினம் யூனிபார்ம் போட்டுக்கொண்டு எங்கள் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவும் கேட்கவும் ஓர் இடம் இல்லை. எங்கள் வீட்டில் அவர் வந்து உட்கார முடியாது, அவர் வீட்டில் நாங்கள் போய்க் கேட்க முடியாது. டீக்கடையில் பெண்கள் நிற்க முடியாது. கோவிலில் பேசக்கூடிய விஷயம் இல்லை இது. பால் சொசைட்டி பக்கத்தில் ஒரு பெஞ்சும் நாலு அலமாரியும் போட்ட அந்த அறை ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. அந்த அறைக்கு வெள்ளையடித்த பிள்ளைகளுக்கும், தெரிந்தும் வாயால் சொல்லாத அந்த அக்காவுக்கும், மாமனாரை மீறிச் செருப்பைக் கழற்றச் சொன்ன அந்த அம்மாவுக்கும் நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்குப் போதவில்லை. அந்தப் பெண் பிள்ளைக்கும்தான். தன் காலைக் காட்டிய பிறகு பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் கேலி பண்ணினார்களாம். "கபடிக்கு வாங்கடி, காட்டறேன்" என்று சொல்லிவிட்டதாம்.

போன வாரம் ஒரு சாயங்காலம். அண்ணி முன்னால் பாலைத் தூக்கிக்கொண்டு போக, நான் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நூலக வாசலில் பிள்ளைகள் படப் புத்தகத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா என் கையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டது. வெறுங்காலோடு, மண் தெறிக்க, வரிசையில் நின்றவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. பால் வண்டி வரும் நேரம். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏய், ஓடாதடி!" என்று கத்தினேன்.

கத்திவிட்டுத்தான் என் காதில் அது விழுந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணி நின்றுவிட்டார். பால் தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு, ஓடுகிற பிள்ளையைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னாடி சொன்ன?" என்றார். "ஓடட்டும் உடு."